கோல் முனைக்கு அரிசி கழுவிய தண்ணீர்

கால்பந்தாட்டம் நடக்கும்போது புடே சாமினெம் பந்தைப் பார்க்கமாட்டார், கால்களைத்தான் பார்ப்பார். எவனாவது கோல் முனையில் குதிகாலைத் திருகினால் கம்பத்துக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: "உங்க தாத்தா வீட்டுச் சொத்தாடா அந்தப் புல்லு?" பத்து வருடமாக அங்கே நிற்கும் கோல்கீப்பர் நான். வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் பேச்சில் பெரியம்மா 'புடே', ஐயா 'பாக்'. ஊருக்கே பெரியம்மா என்பதால் எல்லோருக்கும் அவர் புடே. மைதானம் அவர் பொறுப்பு. போன வருடம் இரண்டு கோல் முனையும் மொட்டையாகி, மழையில் சேறும் வெயிலில் புழுதியுமாகக் கிடந்தன. ஊர்த்தலைவர் பாக் டர்மோஜி சொல்லிவிட்டார்: "ஜனவரிப் போட்டிக்குள்ள அங்க புல்லு நிக்கலேன்னா, சிமெண்ட் போட்டுச் சந்தை வச்சிருவோம்."

"நிக்கும்" என்றார் புடே.

நவம்பரில் முதல் மழை விழுந்ததும் இறங்கினார். மண்ணைக் கொத்தி, ஆற்று மணலும் எருவும் கலந்து, மைதானத்து ஓரத்தில் வெட்டியெடுத்த புல்லைச் சாண் இடைவெளியில் நட்டார். சுற்றிலும் மூங்கில் வேலி போட்டார். வேர் பிடிக்கும்வரை ஈரம் காயக்கூடாது.

நட்ட நான்காம் நாள் தலைவர் மகளுக்குக் கல்யாணம். மைதானத்தை ஒட்டியே பந்தல். கல்யாணத்தில் மழை வராமலிருக்க விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டு, ஈர்க்கு நுனியில் மிளகாயும் வெங்காயமும் குத்தி வைப்போம். முடிந்த கையோடு பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மழை திரும்பாது. இளைஞர் சங்கத்தில் அதை என் தலையில் கட்டினார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே பந்தலுக்குப் பின்னால் வாழைகளுக்கு நடுவே நட்டு வைத்தேன்.

மறுநாளே வானம் வெளுத்தது. புல் மஞ்சளடித்தது. மைதானத்தில் குழாய் கிடையாது, ஆறோ வெகுதூரம்.

கல்யாணச் சமையலுக்கு ஊர்ப் பெண்கள் எல்லோரும் கை கொடுப்பார்கள். எப்போதும் தேங்காய் துருவும் புடே அன்று அரிசி கழுவும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "கழுவுன தண்ணிய எவளாவது கீழ கொட்டுனீங்க, கைய ஒடிச்சிருவேன்!" எண்ணூறு பேருக்கான அரிசி. அந்தத் தண்ணீரையெல்லாம் காவடியில் இரண்டிரண்டு வாளியாகச் சுமந்து போய் ஊற்றினார்.

தலைவர் வழிமறித்தார். "வேலியப் பிரிங்க புடே. விருந்தாளிங்க பைக்கு நிறுத்த எடமில்ல."

புடே வாளிகளை இறக்கிவிட்டு வேலிக்குள் போய் நின்றார். "உங்க மகளுக்காக மழைய நிறுத்துனீங்க, சரி. பைக்க என் மேல ஏத்தி நிறுத்தச் சொல்லுங்க பாக்."

பைக்குகள் பள்ளிக்கூடத்துக்குப் போயின.

கல்யாணம் முடிந்தும் மழை வரவில்லை. ஒரு வாரம் வீடு வீடாகப் போய் அரிசித் தண்ணீர் கேட்டு வாங்கினார். தோள் புண்ணாகித் துணியில் ரத்தம் கசிந்தது. பார்க்கவே சகிக்கவில்லை எனக்கு. எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"லே வாசிஸ், அந்த விளக்குமாத்த யாரு பிடுங்குனா?"

ஓடினேன். மிளகாய் வற்றிச் சுருங்க, வாழைகளுக்கு நடுவே அது அப்படியே நின்றது. பிடுங்கிக்கொண்டு வந்தேன். "ஐயோ புடே, மறந்தே போச்சு!"

அதாலேயே என்னைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. "அதக் கீழ போடு. வாளியத் தூக்கு" என்றார்.

மூன்று நாள் கழித்துத்தான் மழை வந்தது. அதுவரை காவடி என் தோளில்.

ஜனவரி இறுதியாட்டத்தில் கடைசிப் பந்துக்கு இடப்பக்கம் பாய்ந்து விழுந்தேன். பிடித்துவிட்டேன். சேறுதான் என்று நினைத்து எழுந்து பார்த்தால் தோளிலிருந்து இடுப்புவரை சட்டையில் புல்லின் பச்சை. திரும்பினேன். புடே என் கால்களைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்: "அடுத்த வாரமே நம்ம பஞ்சாயத்துக்காரங்களுக்கும் இதே புல்லுல ஒரு ஆட்டம்!"

புடே கண்ணைத் துடைத்துக்கொண்டு மூங்கிலை இழுத்து வந்தார். "மிதிச்சது போதும். மூணு வாரம் ஒருத்தனும் கால் வைக்கக்கூடாது."

தலைவர் வாயைத் திறந்தார். மூங்கிலின் மறுமுனையை அவர் கையில் திணித்தார் புடே.

"பிடிங்க பாக், கட்டணும்."

பிடித்துக்கொண்டார்.