டினுஷாவின் பதின்மூன்று படங்கள்

"கொஞ்சம் வெள்ளையா எடுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், நிலானிக்கு உச்சந்தலை சூடேறிவிடும். சொன்னவர் மணமகளின் மாமாவா, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரா என்றெல்லாம் பார்க்கமாட்டாள். "ஏன், உங்கட பிள்ளைக்கு என்ன குறை?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். மட்டக்களப்பு டவுனில் பிறின்ஸின் ஸ்டூடியோவில் பதினொரு வருசமாகக் கமெரா பிடிக்கிறாள். வாய்க்காரி என்று பெயர். சின்ன வயதில் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கியபோது அவளையும் அப்படி வெள்ளையாக்கித்தான் எடுத்தார்கள்; அந்தப் படத்தில் யாரோ ஒரு வெள்ளைப் பிள்ளை மெழுகுதிரியோடு நிற்கிறது. வீட்டுக்கு வருகிற சனம் இன்றைக்கும் "இது ஆர்ர பிள்ள?" என்று கேட்கும்.

பிறின்ஸுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தை, ஐஎஸ்ஓவை ஏற்றுவது. இருக்கிற வெளிச்சத்தைக் கமெரா எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்பதைச் சொல்கிற எண் அது. இருண்ட மண்டபத்துக்கு ஆயிரத்து அறுநூறு வைக்கலாம், பட்டப்பகலில் நூறே தாராளம். இந்த மனுசனோ வேறெதையும் தொடாமல், வெயிலிலும் அதை ஏற்றிவிடுவார். மணமகள் முகத்தில் பூசிய பவுடர் போதாதென்று கமெராவாலும் ஒரு பூச்சு. "சனம் வெள்ளையத்தான் கேக்குது தங்கச்சி" என்பார். சனம் கேட்டால் கண்ணையும் பிடுங்கிக் கொடுப்பாரா?

தை மாதம் செட்டிபாளையத்தில் டினுஷாவின் கல்யாணம். மாப்பிள்ளை அன்ரோ வெளிநாட்டிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்திருந்தான். டினுஷா நல்ல கறுப்பு. இடப் புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு, சின்ன வயதில் தோணியில் விழுந்து வந்தது. அவள் சிரித்தால் அதுவும் சேர்ந்து வளையும், அப்படி ஒரு அழகு. தேவாலயத்தில் பூசை முழுக்கப் பிறின்ஸ் பக்கத்தில் நின்று ஐஎஸ்ஓ எண்ணை ஏற்ற வைத்துக்கொண்டே இருந்தார். பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கிற நேரம் அவர் சோடா குடிக்கப் போனார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நிலானி யன்னல் வெளிச்சத்துக்கு ஏற்றபடி நானூறில் வைத்துப் பதின்மூன்று படம் எடுத்தாள்.

பிறகு வாவிக்கரை. பதினொரு மணி வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்தது. நிலானி நூறில் வைத்திருந்தாள். பிறின்ஸ் எட்டிப் பார்த்து, "என்ன இது, கறுப்பாக் கிடக்கு? தாய் ஏசப் போறா" என்று, கமெரா அவள் கையில் இருக்கும்போதே எண்ணைத் தட்டி எண்ணூறாக்கினார்.

"அண்ணன், முகம் எரிஞ்சு போயிரும். எரிஞ்சா பிறகு ஒண்டும் செய்யேலாது."

"நீ அமத்து!"

அத்தனை பேர் முன்னால் சண்டை பிடிக்க மனமில்லாமல் அவளும் பொத்தானை அமத்தினாள்.

கல்யாண அல்பத்துக்குப் படம் தெரிந்தெடுத்தபோது டினுஷாவின் தாய் செபஸ்தியம்மா அந்தப் பதின்மூன்றையும் ஒதுக்கிவிட்டார். "இதுகள் வேணாம் மகள், புள்ள கறுத்துக் கிடக்கு." வாவிக்கரைப் படங்களைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக, "என்ட புள்ள சினிமாக்காரி மாதிரி!" என்றார். தாய் ஒதுக்கியதை எல்லாம் நிலானி தன்னுடைய ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்தாள்.

ஆவணியில் தாயும் மகளும் ஸ்டூடியோவுக்கு ஓடி வந்தார்கள். டினுஷா அழுது கண் வீங்கியிருந்தது. அன்ரோவிடம் போவதற்கான விசாவுக்குக் கொடுத்த கல்யாணப் படங்களில் இருப்பது வேறு பெண் என்று நேர்காணலில் சொல்லிவிட்டார்களாம். பாஸ்போட் படத்தில் தழும்பு இருக்கிறது, கல்யாணப் படத்தில் இல்லை. கல்யாணமே பொய்யோ என்று சந்தேகம். முப்பது நாளுக்குள் வேறு அத்தாட்சி கொடுக்காவிட்டால் விசா இல்லை.

பிறின்ஸ் கணினியில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தார். வெள்ளை முகம் சாம்பல் முகமானது. புருவமும் வரவில்லை, தழும்பும் வரவில்லை. பதிவாகியிருந்தால்தானே வருவதற்கு! கடைசியில் அந்த மனுசன் தாடையைத் தடவிக்கொண்டு சொன்னார், "ஒண்டு செய்வம். பாஸ்போட் படத்தையும் புதுசா வெள்ளையா எடுப்பம். ரெண்டும் ஒத்து வரும்."

அடக் கடவுளே! நிலானி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். "வெக்கமா இல்லியா அண்ணன்? உங்கட படத்துக்கு ஏத்த மாதிரிப் பிள்ளைய மாத்தப் போறீங்களா? பிளேன்ல ஏறக்குள்ள எந்த முகத்தோட ஏறுவாள்?"

"சத்தம் போடாத மகள்" என்றார் செபஸ்தியம்மா.

"நீங்க கதையாதீங்க மாமி! நல்ல படத்த வேணாமெண்டது நீங்கதானே!"

ஹார்ட் டிஸ்கைக் கொண்டுவந்து மாட்டினாள். பேனையோடு குனிந்திருக்கிற டினுஷா, நிமிர்ந்து அன்ரோவைப் பார்த்துச் சிரிக்கிற டினுஷா. கறுத்த கன்னத்தில் யன்னல் வெளிச்சம், புருவத்தில் அந்தத் தழும்பு, வெள்ளைச் சேலையில் தைத்த மணிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். "அச்சடிக்க முதல் ஒரு சொட்டு வெளிச்சம்..." என்று பிறின்ஸ் வாய் திறந்தார். நிலானி திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

டினுஷா படத்தைவிட்டுக் கண் எடுக்கவில்லை. "ஏழு மாசமா அவர் போனில வச்சுப் பாத்துக்கொண்டு இரிக்கிறது ஆரை அக்கா?" என்றாள்.

எண்ணை ஏற்றியது பிறின்ஸ், நல்ல படத்தை ஒதுக்கியது தாய், ஆனால் பொத்தானை அமத்தியது நிலானியின் விரல்தானே. "அந்த வெள்ளைப் படங்கள நான்தான் எடுத்தன் தங்கச்சி. எடுத்திருக்கக் கூடாது, பிழைதான்" என்றாள். மற்ற இரண்டு பேருக்கும் அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. அதை நினைத்தால் நிலானிக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

பதின்மூன்றையும் அப்போதே அச்சடித்துக் கொடுத்தாள். ஐப்பசியில் விசா வந்தது. அந்தப் பெரிய அல்பம் செட்டிபாளையத்து அலுமாரியில் கிடக்கிறது. டினுஷா பதின்மூன்று படங்களை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு புருசனிடம் போய்ச் சேர்ந்தாள்.

நிலானி அதே ஸ்டூடியோவில்தான் இருக்கிறாள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் பிறின்ஸ் பழக்க தோசத்தில் அவளுடைய கமெராவின் எண்ணில் கை வைத்தார். தாலி கட்டப் போகிற நேரம். அவள் கமெராவைக் கழற்றி அவருடைய கழுத்தில் மாட்டிவிட்டு, சனத்தோடு சனமாகக் கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.