உயரமான ஸ்டேஷன் மாஸ்டர்

பல்செட்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து ஊரார் வாய்க்குப் பல் செய்கிறவருக்குத் தன் வாயை அடக்க மட்டும் தெரியாது. அளவு மயிரிழை பிசகினாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதனால்தான் கல்யாணம் ஆகவில்லை என்பார்கள், அவரும் மறுத்ததில்லை.

வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அவர் இருக்கிறார், மற்றதில் ரயில் ஓடுகிறது. குறுகிய பாதையில் மலையேறும் ரயிலின் பொம்மை உலகம் அது. அதற்கு ஓ-என்-முப்பது என்று பெயர். ‘ஓ’ என்றால் எல்லாமே நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. ‘என்’ என்றால் குறுகிய பாதை. முப்பது என்பது நிஜத் தண்டவாளத்தின் அகலம், அங்குலத்தில். விலாசம் மாதிரி எல்லாம் பெயரிலேயே இருக்கிறது. இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. எச்-ஓ என்று இன்னொரு உலகம், இன்னும் சிறியது, எண்பத்தேழில் ஒரு பங்கு. அதன் பெரிய ரயிலுக்கும் இதன் குட்டி ரயிலுக்கும் தண்டவாள அகலம் ஒன்றேதான். எச்-ஓ எஞ்சினை இதில் வைத்தால் ஜோராக ஓடும். ஆனால் பக்கத்தில் நிற்கிற மனிதர்கள் பூதம் மாதிரி தெரிவார்கள்.

அவருக்கென்று இருப்பது ஒரே தங்கை. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு டப்பா நிறையக் குட்டி மனிதர்களை ஆசையாக வாங்கி வந்தாள். “இது எச்-ஓ. ஒண்ணுக்கும் உதவாது” என்றார், அவள் புருஷன் எதிரிலேயே. அவள் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதோடு அவள் வருவதும் நின்றது. ஞாயிறுதோறும் போனில் மட்டும் சாப்பிட்டியா, தூங்கினியா. தன் நாக்கை அவர் திட்டாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

போன மாதம் திடீரென்று வந்து நின்றாள். பையிலிருந்து ஒரு எஞ்சினை எடுத்தாள்.

“இந்தத் தடவை தப்பாகாது அண்ணா. அன்னிக்கே உனக்குத் தெரியாம தண்டவாளத்த டேப் வச்சு அளந்துக்கிட்டேன்.”

டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் எச்-ஓ என்று போட்டிருந்தது. அவர் வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு அதைத் தண்டவாளத்தில் வைத்தார். எஞ்சின் ஓடி, ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மை நிற்கும் நடைமேடை ஓரமாக நின்றது.

தங்கை குனிந்து பார்த்தாள். “என்ன அண்ணா, ஸ்டேஷன் மாஸ்டர் தலை எஞ்சின் கூரைக்கு மேல போகுது?”

“அவரு கொஞ்சம் உசரமான ஆளும்மா.”

அளவு விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது. அவள் சிரித்தாள். அந்த அறையில் யாரோ சிரித்துக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு அவள் கிளம்பிப் போனதும் வீடு பழையபடி ஆகிவிட்டது.

எஞ்சினைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் உறுத்தியது. தூக்கிப்போடவும் மனசு வரவில்லை. கடைசியில் மலைக்குப் பின்னால், சுவரை ஒட்டி, அதற்கென்று தனிப் பாதை போட்டார். சின்னது தூரத்தில் இருந்தால் சின்னதாகத் தெரியாது, தூரமாகத்தான் தெரியும். வாசல் பக்கம் நாற்காலி போட்டுப் பார்த்தார். எங்கோ தொலைவில் யாரையோ ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. அளவு கச்சிதம். ஆனாலும் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள்.

“வண்டி ஓடுதா அண்ணா?”

“ஓடுது. மலைக்குப் பின்னாடி, தூரமா.”

“ஸ்டேஷனுக்கு வராதா?”

“அது அங்க நிக்கிற வண்டி இல்லம்மா.”

“உன் ஸ்டேஷன்ல நிக்கணும்னுதான வாங்கினேன்” என்றாள்.

“இரு” என்று சொல்லி அவர் போனை மேஜைமேல் வைத்தார். எஞ்சினை எடுத்து வந்து நடைமேடை அருகே நிறுத்தினார். ஸ்டேஷன் மாஸ்டரின் உயரம் மறுபடி கண்ணை உறுத்தியது. அந்தப் பொம்மையின் கால்களை முன்பு இவரேதான் பசை போட்டு ஒட்டியிருந்தார். பல்செட் இடுக்கியால் மெல்லப் பிடுங்கினார். நடைமேடை காலியாயிற்று. பொம்மையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“நின்னுடுச்சும்மா.”

“உசரமான ஆளு என்ன பண்றாரு?”

அவர் கையைப் பார்த்தார்.

“யாராவது எறங்குறாங்களான்னு பாத்துக்கிட்டு இருக்காரு.”