காசிக்கு இரண்டு டிக்கெட்

பகாவ் பட்டணத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு மலிவு வீட்டு வரிசை இருக்கிறது. அங்கே திருநாவுக்கரசுவை எல்லாரும் அரசு என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறார். பேச்சு குறைவு. பேசினாலும் டயர், மழை, சாலையில் விழுந்திருக்கும் பள்ளம், அவ்வளவுதான். இந்த மனிதருக்குள் இத்தனை வருடம் ஒரு பொறாமை புகைந்துகொண்டிருந்தது என்றால் அக்கம்பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். அதுவும் செத்துப்போன ஒருவன்மேல்.

அவன் பெயர் வசந்தன். அரசுவும் அவனும் ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் வசந்தன் கோல் கீப்பர். அரசு ரிசர்வ் கீப்பர். வசந்தனுக்கு ஒருநாளும் அடிபட்டதில்லை, காய்ச்சல் வந்ததில்லை. அதனால் அரசு எல்லா ஆட்டத்தையும் பெஞ்சில் உட்கார்ந்தே பார்த்தார். பந்தைப் பிடித்துவிட்டு வசந்தன் சிரிக்கும்போது திடலே கூடச் சேர்ந்து சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குத்தான் குமுதவல்லி மயங்கினாள் என்று தோட்டத்தில் சொல்வார்கள்.

வசந்தனுக்கும் குமுதவல்லிக்கும் கல்யாணமாகி, மகள் ரோகினி பிறந்து, குழந்தை தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. ஒரு நாள் தோட்டத்துச் சாலையில் காட்டுப்பன்றி குறுக்கே பாய்ந்து வசந்தனின் மோட்டார் சைக்கிள் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. சில வருடம் கழித்து அரசு குமுதவல்லியைக் கேட்டு, அவளும் சம்மதித்து, கோவிலில் தாலி கட்டினார். அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் யாரோ, “ரிசர்வ் கீப்பர் எறங்கிட்டான்லா” என்று சொல்ல, இலை போட்டிருந்த வரிசை முழுவதும் சிரித்தது. அரசுவும் சிரித்தார். அந்த வார்த்தை மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வசந்தனின் பெயர் அவர் வீட்டில் எழவே இல்லை. குமுதவல்லி எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ரோகினி அவரை ‘அப்பா’ என்று கூப்பிட்டு வளர்ந்தாள், படித்தாள், இப்போது சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. இருந்தாலும் மகள் சிரிக்கும்போதெல்லாம் அரசுவின் பார்வை ஒரு கணம் வேறு பக்கம் திரும்பும். அது அச்சு அசலாக வசந்தனின் சிரிப்பு.

போன வருடம் ஒரு சாயங்காலம், பள்ளிக் கேண்டின் வேலை முடிந்து வந்த குமுதவல்லி காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, ஒருதடவ காசிக்குப் போய்ட்டு வரலாமா?”

அரசுவுக்குக் காதை நம்ப முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. தங்கம் கேட்டதில்லை, புதுச் சோபா கேட்டதில்லை. சிரம்பானில் ஒரு குழு காசிக்கு ஆள் சேர்க்கிறது என்று கேள்விப்பட்டு விசாரித்துப் பார்த்தார். நட்சத்திர ஓட்டலும் ஏசி பஸ்ஸுமாக அவர்கள் சொன்ன தொகை லோரிக்காரரின் கைக்கு எட்டாதது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. நாமே போகலாம் என்று சொல்லிவிட்டார்.

சொன்ன வேகத்தில் ஜார்ஜின் மோட்டார் பட்டறைக்குப் போனார். ஜார்ஜ் அவருடைய பழைய சிநேகிதர். மனைவி இசபெல்லோடு எந்த ஏஜெண்டும் இல்லாமல் வேளாங்கண்ணி போய் வந்தவர். அதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவரும்கூட. கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். பெட்டி ஏற்றினால் விமானத்தில் தனிக் கட்டணம், அதனால் தோள்பை மட்டும் போதும். கல்கத்தாவில் போய் இறங்கி, அங்கிருந்து ரயில். ஜனவரியில் மூடுபனி, ரயில் எப்போது வரும் என்று ரயில்வேக்காரர்களுக்கே தெரியாது, ஆகவே தைப்பூசம் கழிந்து பிப்ரவரி கடைசியில் போவதுதான் உசிதம். காசியில் செட்டியார் சத்திரம் இருக்கிறது, நம் சாப்பாடே கிடைக்கும். ரயில் டிக்கெட்டை இசபெல்லின் சென்னைச் சொந்தக்காரர் எடுத்துத் தருவார்.

அரசுவுக்குத் தலைகால் புரியவில்லை. லோரியை ஆலை வாசலில் வரிசையில் நிறுத்திவிட்டுக் காசிப் படித்துறைகளைக் கைப்பேசியில் பார்த்தார். குமுதவல்லிக்குக் குளிர் ஆகாதே என்று பசாரில் கம்பளிச் சால்வை ஒன்று வாங்கினார். அவளை உலகத்தில் எங்கோ கூட்டிப்போகும் முதல் ஆள் தான்தான் என்ற நினைப்பு அவருக்கு நெஞ்சு கொள்ளாத பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விசா விண்ணப்பத்தைச் செய்து கொடுக்க ரோகினி வந்தாள். குமுதவல்லி சமையலறையில் இருந்தாள். மகள் கைப்பேசியில் பார்வையை வைத்தபடியே, காசியில் காரியத்துக்கு ஐயரிடம் பேசியாயிற்றா என்று கேட்டாள். செத்துப்போன தன் தகப்பனுக்குத்தான் ஏதோ ஏற்பாடு செய்யச் சொல்கிறாள் என்று நினைத்த அரசு, “தாத்தாவுக்கா?” என்றார்.

“இல்லப்பா. எங்க அப்பாவுக்கு. அம்மா சொல்லலியா?”

சொன்ன பிறகுதான் ரோகினிக்கு உறைத்தது. சட்டென்று பேச்சை மாற்றி, புகைப்படத்துக்கு வெள்ளைச் சுவர் எங்கே இருக்கிறது என்று தேடினாள். அரசு சுவர் ஓரமாகப் போய் நின்றார். அவள் எடுத்த படத்தில் அவர் முகம் கல்லாக இருந்தது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் அவனுக்காகவா? விமானம், ரயில், சால்வை, எல்லாமே? இத்தனை வருடம் அவள் பேசாமல் இருந்ததை மறதி என்று எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த மௌனத்தை நினைக்க நினைக்க எரிந்தது. அவள் சோறு பிசைந்துகொண்டே வாசலைப் பார்த்தால், அவனைத்தான் நினைக்கிறாள் என்று தோன்றியது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், அவன் விழுந்த சாலை வரும்போது அவள் முகம் மாறுகிறதா என்று கவனித்தார். உயிரோடிருப்பவன் என்றால் எதிரே போய் நிற்கலாம். இவனுக்கோ தொப்பை விழவில்லை, முடி கொட்டவில்லை, பெண்டாட்டியோடு சம்பளத்துக்குச் சண்டை போடவில்லை. இளமையிலேயே நின்றுவிட்டவனை ஐம்பத்தெட்டு வயதில் எப்படி ஜெயிப்பது?

அவர் ஒன்றும் கேட்கவில்லை. பயணத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குலைத்தார். மலிவு டிக்கெட் வந்திருக்கிறது, இன்றைக்கே எடுத்துவிடு என்று ஜார்ஜ் கூப்பிட்டுச் சொன்னார். அரசு கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லோரியைக் கழுவப் போனார். லைன் கிடைக்கவில்லை, அதற்குள் விலை ஏறிவிட்டது என்று வீட்டில் சொன்னார். பிறகு விசா படம் சரியில்லையாம் என்றார். கடைசியில் சத்திரத்தில் இடமே இல்லையாம் என்றார். ஒவ்வொரு முறையும் குமுதவல்லி, “பரவால்லங்க, பாத்துக்கலாம்” என்று மட்டும் சொன்னாள். அவள் முகம் வாடுவதைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த வாட்டமும் அவனுக்காகத்தான் என்று நினைத்தபோது கஷ்டம் போய்க் கோபம் வந்தது.

வாரச் சந்தையில் ஒரு நாள் குமுதவல்லி ஜார்ஜைப் பார்த்தாள். சத்திரம் நிரம்பிவிட்டதாமே என்று அவள் கவலைப்பட, ஜார்ஜ் குழம்பிப்போனார். தானே போன் போட்டுப் பேசியதாகவும், தாராளமாக இடம் இருப்பதாகவும், அரசு ஏன் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்று தனக்கே தெரியவில்லை என்றும் சொன்னார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

அவள் வீட்டுக்கு வந்து மீனைக் கழுவி, குழம்பு வைத்து, பரிமாறினாள். அரசு சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

“சத்திரத்துல எடம் இருக்காமே. ஜார்ஜ் சொன்னாரு.”

அரசு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிச்சலோடு வாய் திறந்தார்.

“அவனுக்காகத்தானே போறே. அவன் இருந்திருந்தா ஒன்ன எப்பவோ கூட்டிட்டுப் போயிருப்பான்.”

“அவரு என்னைய பகாவுக்கே கூட்டிட்டுப் போனதில்ல” என்றாள் குமுதவல்லி.

அவள் சிரிக்கவில்லை. குறையாகவும் சொல்லவில்லை. அரசுவுக்கு அந்த ‘அவரு’தான் முள்ளாகக் குத்தியது.

பிறகு அவள் மெதுவாக விவரம் சொன்னாள். வசந்தனுக்கு அவன் தம்பி திதி கொடுத்து வந்தான். தம்பி ஜொகூர் பக்கம் போன பிறகு அது நின்றுபோயிற்று. வசந்தனின் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆடி அமாவாசைக்கும் தீபாவளிக்கு முந்தைய நாளும் இந்த வீட்டில் அரசுவின் அப்பா அம்மாவுக்குப் படையல் போடும்போது, கூட ஓர் இலை போடலாமா என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வரும். கேட்டதில்லை. ரோகினிக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பெற்றவனுக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் எப்படிக் கல்யாணம் செய்வது?

“காசியில ஒருதடவ செஞ்சிட்டா அப்புறம் வருசா வருசம் செய்யத் தேவயில்லன்னு கோயில்ல சொன்னாங்க” என்றாள். “அதான் அங்க போலாம்னு நெனச்சேன். ஒங்க வீட்டுல வச்சு நான் என்னைக்கும் கேக்க வேண்டாம் பாருங்க.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அரசு வெறுமனே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்து, அவர் மனதுக்குப் பயந்து, இத்தனை வருடமாக ஓர் இலை சோற்றை அவள் கேட்காமலே இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது அதன் இடத்திலேயே இருந்தது. மறுநாள் பட்டறைக்குப் போய், ஜார்ஜ் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஏறிய விலைக்கே இரண்டு டிக்கெட் எடுத்தார்.

பயணம் ஜார்ஜ் சொன்னபடியே அமைந்தது, ரயில் தாமதம் ஒன்றைத் தவிர. குமுதவல்லி மேல் படுக்கையில் ஏற முடியாமல் தவிக்க, எதிரே இருந்த பெரியவர் கேட்காமலே தன் கீழ் படுக்கையைக் கொடுத்தார். சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். அரசு மேலே படுத்துக் கூரையைப் பார்த்தபடி வந்தார்.

சத்திரத்தில் சொல்லிவைத்த தமிழ் பேசும் புரோகிதர், காலையில் படித்துறைக்கு அழைத்துப் போனார். கங்கையில் முழுகி எழுந்ததும் முதலில் அரசுவின் தாய் தகப்பனுக்குப் பிண்டம் வைத்தார்கள். அடுத்து வசந்தனுக்கு. கோத்திரம் தெரியாது என்றதும், சிவ கோத்திரம் என்று சொன்னால் போதும் என்றார் புரோகிதர். யார் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். மகன் இல்லை, மகள் வரவில்லை என்றாள் குமுதவல்லி. வேறு யாரையாவது வைத்துச் செய்யலாமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, புரோகிதர் அரசுவின் பக்கம் திரும்பினார்.

“நீங்க இறந்தவருக்கு என்ன வேணும்? தம்பியா?”

குமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். ஆற்றில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை அரசு பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூட்டாளி” என்றார். “ஒரே தோட்டம்.”

சிநேகிதர் தாராளமாகச் செய்யலாம் என்றார் புரோகிதர். ஈர வேட்டியோடு அரசு உட்கார்ந்தார். பெயரைச் சொல்லச் சொன்னார்கள். வாயில் அந்தப் பெயரை வைத்து எத்தனை காலம் ஆகியிருக்கும்! முதல் முறை முணுமுணுத்தார். புரோகிதர் திரும்பச் சொல்லச் சொன்னார். “வசந்தன்” என்று உரக்கச் சொன்னார். எள்ளும் தண்ணீரும் விட்டுப் பிண்டத்தைத் தட்டில் வைக்கும்போது ஏறிட்டுப் பார்த்தார். குமுதவல்லி அழவில்லை. அவர் கையிலிருந்த அந்தச் சோற்று உருண்டையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முகத்தை அவள் ஒருநாளாவது இப்படிப் பார்த்திருப்பாளா என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது. கை மட்டும் தன் வேலையை முடித்தது.

பிறகு இருவரும் படியில் உட்கார்ந்து மண் கோப்பையில் தேநீர் குடித்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அரசு ஆற்றைப் பார்த்தபடியே கேட்டார்.

“எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இங்க வந்து செய்வியா?”

“இவ்ளோ தூரம் எதுக்கு?” என்றாள் குமுதவல்லி. “ஒங்களுக்கு நம்ம வீட்டுலதான். வருசா வருசம்.”

கோப்பை சுட்டது போலிருக்கிறது, அவள் அதை முந்தானையால் பிடித்துக்கொண்டாள். அரசு தேநீர்க்காரரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு கோப்பை வாங்கினார்.

ரோகினியின் கல்யாணம் இந்த வருடம் மந்தினில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பழைய தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மணமேடையில் பெண் சிரித்ததைப் பார்த்த ஒருவர், வசந்தனை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்றார். பக்கத்தில் நின்ற அரசுவுக்குச் சுருக்கென்றது. ஆமாம், அவனேதான் என்று சொல்லிவிட்டு, பந்தியில் இலை போட்டாயிற்றா என்று பார்க்கப் போனார்.