படிக்கத் தெரியாத பெயர்

நர்கிஸ் புயலில் பறந்த கூரைத் தகரங்களை அடையாளம் சொல்ல முடியாமல் இழந்தவள் ஜைனப். அதனால் பர்மியத் துறைமுகப் பகுதியான அலோனில் தன் டீக்கடைக்குப் போட்ட பதினான்கு புதுத் தகரங்களிலும் தமிழில் தன் பெயரை எழுதினாள்.

"இந்தத் தெருவுல இத யாரும்மா படிப்பா?" என்று அண்ணன் தஸ்தகீர் சிரித்தார்.

இந்த மே மாதச் சூறைக்காற்று பதினான்கையும் பிடுங்கிப் போனது. மறுநாள் அந்தக் கடையில்தான் அவள் மகளின் நிக்காஹ்.

மதியம், துறைமுகச் சுமைகாரர் கோ தூரா முதல் தகரத்தோடு வந்தார். "எங்க யாருக்கும் இந்த எழுத்தப் படிக்கத் தெரியல, மா ஜைனப். அப்ப உங்களதுதானே!" என்றார் பர்மியத்தில்.

அந்திக்குள் பதினான்கும் வந்துவிட்டன. தஸ்தகீர் ஏணியில் நின்று, போவோர் வருவோரிடமெல்லாம் தங்கையின் மூளையைப் புகழ்ந்தார்.

"பேச்சு போதும் காக்கா, ஆணிய அடிங்க. காலையில மாப்பிள்ளை வந்துருவாரு!" என்று அண்ணனை அதட்டினாள் ஜைனப்.