அவனுடைய கராஜில் என் மோட்டார் சைக்கிள்

பாரிசுக்கு வந்த புதிதில் நானும் என் சிநேகிதன் ஒருவனும் லா சப்பலில் ஒரே அறையில் இருந்தோம். 2009 இல் ஒரே நாளில் ஒபர்வில்லியேக்குப் போய், பழைய வாகனம் விற்கும் ஒருவரிடம் ஒரே மாதிரியான இரண்டு மோட்டார் சைக்கிள்களை வாங்கினோம். ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு. எனக்குச் சிவப்பில்தான் கண். ஆனால் நான் வாய் திறக்கும் முன்பே அவன் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

பிறகு எல்லாமே அந்த வரிசையில்தான் நடந்தது. வதிவிட விசா முதலில் அவனுக்குக் கிடைத்தது. விமான நிலையத்தில் நிரந்தர வேலையும் அவனுக்குத்தான். பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் கராஜ் வைத்த வீடு வாங்கினான். நான் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் மேல்மாடியில் இருந்துகொண்டு, வந்த புதிதில் சேர்ந்த அதே உணவகத்தின் சமையலறைக்குத்தான் போய்வந்தேன். என் கறுப்பு மோட்டார் சைக்கிள் தெருவில் மழையில் நனைந்தது. அவனுடையது போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியது. அந்தப் போர்வை என் வீட்டில் இருந்ததைவிட நல்ல போர்வை.

2024 இல் பிரான்சில் மோட்டார் சைக்கிள்களுக்கும் தொழில்நுட்பச் சோதனை கட்டாயமாயிற்று. எங்கள் கிழட்டு வண்டிகள் முதல் தவணையிலேயே அகப்பட்டன. அவன் தொலைபேசி எடுத்தான்.

“மச்சான், உன்ரையைக் கொண்டு இஞ்சை வா. ரெண்டையும் சேர்த்துத் திருத்திப்போட்டு ஒரே நாளிலை கொன்ட்ரோலுக்குக் கொண்டு போவம்.”

கராஜுக்குள் நுழைந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஆணி கழற்றும் சாவிகள் சுவரில் அளவு வாரியாகத் தொங்கின. வண்டியைத் தூக்கி நிறுத்த ஒரு தாங்கி, நிலத்தில் றப்பர் விரிப்பு, மூலையில் சின்ன ஹீட்டர். நான் பிளாஸ்டிக் பை ஒன்றில் நாலைந்து சாவிகளைப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதை வெளியே எடுக்காமல் ஜக்கெட்டுக்கு அடியில் வைத்தேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை செய்தோம். நான் என்னுடையதின் பிரேக் பாட்களை மாற்றினேன். செயினைக் கழற்றிக் கழுவி எண்ணெய் விட்டு இறுக்கினேன். பின் டயர் தேய்ந்திருந்ததால் புதிது போட்டேன். சிக்னல் லைட் ஒன்று தான் நினைத்தபோதுதான் எரியும். வயரைத் தேடிப் பிடித்துச் சரிசெய்தேன். நம்பர் பிளேட்டை உரஞ்சித் துடைத்தேன். அவனோ கால்மணித்தியாலம் துடைப்பான், பிறகு கதிரையில் சாய்ந்து கதைப்பான். அவனுடைய சிவப்பு வண்டியின் முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் எண்ணெய் கசிந்து வழிந்திருந்தது. சைலன்சரும் அவன் இளமையில் ஆசைக்குப் போட்ட, தெரு முழுக்க அதிரும் சைலன்சர்.

“டேய், உந்த எண்ணெய்க் கசிவோடை விடமாட்டாங்கள். சைலன்சரையும் பழசுக்கு மாத்து” என்றேன்.

“அது பாப்பம் மச்சான்.”

அவன் மனைவி தேநீரும் ரோல்ஸும் கொண்டு வந்தாள். “அண்ணை, நீங்களாவது இவரிட்டைச் சொல்லுங்கோ. இவர் இதிலை வெளிக்கிட்டா வீட்டை வந்து சேருமட்டும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. ஜன்னலடியிலைதான் நிப்பன்.”

அவன் சிரித்துக்கொண்டு அவள் கையில் இருந்த ரோல்ஸை வாங்கிக் கடித்தான். நான் என் தேநீரைக் குடித்தேன். சிவப்பு நிறம், வேலை, வீடு, கராஜ் எதற்கும் இல்லாத ஓர் எரிச்சல் அப்போது வந்தது. இத்தனை வருடத்தில், மழையிலும் பனியிலும் நான் வேலையால் வரும்போது, எங்கள் வீட்டு ஜன்னலில் ஒருவரும் நின்றதில்லை. என் மனைவி அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலைக்கு விடியவே போகவேண்டும். நான் வரும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள். அதில் அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஆனாலும் எரிந்தது.

சோதனை நாளில் இருவரும் ஒன்றாகப் போனோம். என்னுடையதை முதலில் உள்ளே எடுத்தார்கள். சோதனைக்காரர் லைட்டுகளைப் பார்த்தார், ஹோர்ன் அடித்தார், ஹான்டிலை இரண்டு பக்கமும் திருப்பினார், குனிந்து டயரைத் தடவினார். பிறகு தாளில் கையெழுத்து வைத்து, வயதுக்கு மிக நல்ல நிலையில் இருக்கிறது என்று சொன்னார். அடுத்தது சிவப்பு. என்ஜினை முடுக்கியதுமே அவர் முகம் சுருங்கியது. போர்க்கைக் கண்டதும் தலையை ஆட்டினார். பெயில்.

வாழ்க்கையில் முதல்தடவை நான் முன்னால் நின்றேன். சிரிப்பை அடக்க ஹெல்மட்டைத் துடைப்பதுபோலக் குனிந்தேன்.

அவன் தோளைக் குலுக்கிவிட்டு மனைவிக்கு எடுத்தான். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டான்.

“பெயிலாம்.”

“கடவுளே, நல்லதாப் போச்சு! இனி உதைத் திருத்தாதேங்கோ. வித்துப்போடுங்கோ. எனக்காக.”

“சரி, உனக்காக விடுறன்.”

அவள் அங்கே அழுவதும் சிரிப்பதும் எனக்கும் கேட்டது. என் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நான் கொஞ்சம் தள்ளிப்போய் என் மனைவிக்கு எடுத்தேன்.

“பாஸ் பண்ணீட்டுது. வயசுக்கு நல்ல நிலையாம்.”

“ஓமே? நல்லது. வரேக்கை லா சப்பலிலை கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வாங்கோ.”

வாங்கிக்கொண்டு போனேன்.

சிவப்பு வண்டியை உதிரிப்பாகத்துக்கு ஒருவர் ஏற்றிப் போனார். கொடுக்கமுன் அதன் பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் கழற்றி, “உன்ரையிலை கீறல், இதைப் போடு” என்று என்னிடம் தந்தான். நான் அவற்றை இன்னும் என் வண்டியில் பூட்டவில்லை.

இப்போது அவர்கள் ஞாயிறுகளில் காரில் லா சப்பலுக்குச் சாமான் வாங்க வருகிறார்கள். போன கிழமை சிக்னலில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் அவனுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கார்க் கண்ணாடியை இறக்கி, “அண்ணை, பாத்துப் போங்கோ” என்றாள். ஓம் என்று தலையாட்டினேன். பச்சை விழுந்ததும் அவர்களுடைய காரை வெட்டி முன்னுக்குப் போனேன்.