கருவாட்டு லொறி

எங்கள் லொறி வருவதை நாங்கள் முதலில் மூக்கால்தான் அறிவோம். லிங்கநகர் ஒழுங்கைக்குள் அது திரும்பும் முன்பே கருவாட்டு மணம் வீட்டுக்குள் வந்து குந்திவிடும். வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவள் ஒரு சாண் தள்ளித்தான் இருப்பாள். போடி என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்பாவுக்குச் சொந்த லொறி, அவரே ஓட்டுநரும். அறுவடைக் காலத்தில் கட்டைபறிச்சான் நெல்லை ஏற்றி ஓய்வில்லாமல் ஓடுவார். அது முடிந்ததும் "ஹயர்" என்ற வாடகை ஓட்டம் இல்லாமல் லொறி முற்றத்தில் படுத்துவிடும். அந்த வறண்ட மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்டது கிண்ணியா சலீம் காக்காவின் கருவாடு. காக்கா என்றால் முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன்; கருவாட்டு வியாபாரியான அவர் அதைக் கண்டிக்கு அனுப்புவார். ஒருமுறை கருவாடு ஏற்றினால் பிறகு அரிசிக்காரரும் சீனிக்காரரும் கிட்டவும் வரமாட்டார்கள் என்ற பயத்தில் மற்ற லொறிக்காரர் அதைத் தொடமாட்டார்கள். அப்பா மட்டும், "சும்மா நிக்கிற லொறிக்கு என்ன மானம்?" என்று ஏற்றினார்.

அப்படியிருக்கையில்தான், துறைமுகக் களஞ்சியத்திலிருந்து கோதுமை மா ஏற்றச் சொந்த லொறிகள் எடுக்கிறார்கள் என்ற கதை வந்தது. வருடம் முழுக்க ஓட்டம். அம்மா அன்றே நேர்த்தி வைத்துவிட்டார். அத்தோடு நின்றிருக்கலாம். களஞ்சியத்து மேற்பார்வையாளரான ஓவசியர் லொறியைப் பார்வையிடுவதற்கு முந்திய நாள், தணற்சட்டியோடு பின்பக்கம் ஏறி, "படங்கு" என்று நாங்கள் சொல்லும் தார்ப்பாயை இழுத்து மூடி, வீட்டிலிருந்த சாம்பிராணி முழுவதையும் போட்டுப் புகைத்துவிட்டார்.

ஓவசியர் ஒருதரம் மோந்து பார்த்தார். "இது லொறியோ, கோயிலோ? அடியில கருவாடு, மேல சாம்பிராணி. இந்த மாவில ஆர் பாண் போடுறது? திங்கட்கிழமை திரும்பப் பாப்பன். மணந்தால் ஏலாது."

அம்மா அழுதார். அப்பா கிண்ணியாவுக்குப் போய், மா ஓட்டம் கிடைத்தால் இனிக் கருவாடு ஏற்ற முடியாது என்பதைக் காக்காவிடம் சொல்லிவிட்டு, முகம் செத்துத் திரும்பி வந்தார்.

மறுநாள் காலை காக்கா எங்கள் வாசலில் நின்றார். "பாதை"யில், அதாவது லொறிகளையும் ஆட்களையும் ஆற்றைக் கடத்தும் மிதவையில், ஒரு சாக்குத் தேசிக்காயோடு, அதுதான் எலுமிச்சை, வந்திருந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, தேசிக்காயை வெட்டி வெட்டிப் பலகை பலகையாகத் தேய்க்கத் தொடங்கினார்.

"விடுங்கோ காக்கா, எனக்கு வெக்கமாக் கிடக்கு," என்றார் அப்பா.

"என்ட மணம் தம்பி, நான்தானே கழுவணும். எனக்கென்ன, வேற லொறி கிடைக்கும்."

நாங்களும் ஏறித் தேய்த்தோம். கை எரிந்தது, ஆனாலும் அதைப்போல் ஒரு நாள் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. திங்கட்கிழமை ஓவசியர் மோந்து பார்த்துத் தலையாட்டினார். அந்த மா ஓட்டத்தில்தான் நானும் தங்கச்சியும் படித்து முடித்தோம்.

சில மாதங்களின் பின், கண்டி வீதியோரத்தில் தன் சிப்பங்களின் மேல் குந்தியிருந்து, போகிற லொறிகளுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்த காக்காவை அப்பா கண்டார். அன்று அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "ஒருத்தரும் ஏத்தமாட்டினம் எண்டு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் தேய்ச்சவர்," என்றார்.

இப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இருக்கிறது. பாதையும் இல்லை, அதில் வந்திறங்கிய காக்காவும் இல்லை. சரக்கு ஏற்றுபவரும் அனுப்புபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே போனில் பேசி முடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் நல்ல மனிதர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "காக்காவைப் போல" என்றுதான் இன்றும் சொல்கிறோம்.