மாத்திரைக்காரிக்கு வைத்த பேர்கள்

டிபி நோயாளி மாத்திரையை முழுங்கினாரா என்று வீட்டுக்கே போய் நின்று பார்ப்பதுதான் என் வேலை. அதில் கிடைத்த நல்ல பேரைவிட வசவுதான் அதிகம். கதவு கதவாகத் தட்டிப் பிழைக்கிறவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

கப்ரி

தாராவியில் முதல் நாள், முதல் நோயாளி செல்வி. வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், செல்வி வீடு எது என்று கேட்டேன். அது செல்வியின் மாமியாராம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏளா, கதவைச் சாத்துங்க! போலீசுக்கு ஆள் காட்டுத கப்ரி வந்திருக்கா!" என்று சந்து முழுக்கக் கேட்கக் கத்தினாள். நான் என்ன திருடனையா பிடிக்க வந்தேன்?

செல்வி கைப்பிள்ளையோடு ஓடிவந்து, ஜாக்கெட்டுக்கு ஹூக்கு தைக்கக் கொடுக்கிற அக்கா என்று சமாளித்தாள். குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள்: "டிபின்னு தெரிஞ்சா அத்த புள்ளையப் பிடுங்கிக்கிட்டு என்னைய ஊருக்கு ரயில் ஏத்தி விட்டுருவா. ஹூக்கு அக்காவாவே வாங்கக்கா."

ஜாசூஸ்

வீட்டிலிருந்த பழைய ஜாக்கெட்டையெல்லாம் மூட்டை கட்டி, மடிப்புக்குள் மாத்திரையை ஒளித்துக்கொண்டு போனேன். செல்வியின் புருஷன் டாக்சிக்காரன். சந்து முனையில் வண்டியைக் குறுக்கே போட்டு மறித்தான்.

மாத்திரையைப் பாதியில் விட்டால் உன் பெண்டாட்டி பிழைக்க மாட்டாள்டா என்று அவன் மூஞ்சியில் கத்தத் தோன்றியது. அவனுக்கும் டிபி விஷயம் தெரியாதே, கத்த முடியுமா? அதற்குள் அவனே ஆரம்பித்தான்: "சச் போல் தீதி, உண்மையச் சொல்லு, நீ யாருக்கு உளவு பாக்குற ஜாசூஸ்? எங்க அம்மா வச்ச ஆளா, செல்வியோட அண்ணன் வச்ச ஆளா?"

டிடெக்டிவ்

செம்பூர் ஆபீசில் சூப்பர்வைசர் ஏசிக்கு அடியில் உட்கார்ந்து குதித்தார். அந்த வீட்டில் வேறு யாருக்கு இருமல் என்று ஏன் விசாரிக்கவில்லையாம். ஜாக்கெட்டோடு போகிறவள் சளியைப் பற்றி எப்படி சார் கேட்பது? அந்தச் சந்துக்குள் ஒருநாள் காலை வைத்திருப்பாரா இந்த மனுஷன்? "அதெல்லாம் கண்டுபிடிக்கணும்மா. டிடெக்டிவ் மூளை இல்லேன்னா இந்த ஃபீல்டுக்கு ஏன் வந்தேள்?"

பேர் வைக்காதது

போன வாரம் செல்வி தண்ணி பிடிக்கப் போன நேரம், மாமியார் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். எல்லாம் தெரிந்துவிட்டது, செல்விக்குப் பிள்ளை போச்சு என்று மூட்டையை இறுக்கிப் பிடித்தேன். அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமு இருமென்று இருமினாள்.

"ஜாக்கெட்டுக்குள்ள என்ன கொண்டாறன்னு எனக்கு முதல்லயே தெரியும்ளா. எனக்கும் சளிய டெஸ்ட் பண்ணி மாத்திரை கொண்டா. மருமவகிட்ட மூச்சு விட்றாத, தெரிஞ்சா பேரனத் தூக்கத் தர மாட்டா."

இப்போது ஒரே பத்துக்குப் பத்து ரூமில் ரெண்டு பேருக்கும் தனித்தனியாக ஒளித்து மாத்திரை கொடுக்கிறேன். டபுள் ஏஜென்ட் என்ற வசவு ஒன்றுதான் இன்னும் வாங்க பாக்கி.